கொள்ளைநோய் கண்ட ஈம் கிராமத்துப் பெண்கள்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியிலுள்ள ஈம் கிராமத்தை 1665-66இல் தாக்கிய பிளேக்கைக் களமாகக் கொண்ட வரலாற்றுப் புதினங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஊரே தன்னை அடைத்துக்கொண்டது என்பது உண்மையா, கற்பனையா?

உண்மைதான். 1665 ஆகஸ்ட் இறுதியில் லண்டனிலிருந்து தையற்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்த துணிமூட்டையோடு நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகளும் வந்தன என்பது வழிவழிச் செய்தி. 1666 ஜூனில் போதகர் வில்லியம் மாம்ப்பெசனும், பதவி இழந்திருந்த முந்தைய போதகர் தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து, எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊராரை இணங்கவைத்தார்கள். எல்லைக்கல்லின் குழிகளில், நோய் தொற்றாதிருக்க வினிகரில் காசை இட்டுவிட்டு, வெளியூரார் வைத்துப்போன பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். 14 மாதங்களில் சுமார் 260 பேர் மாண்டனர்.

கேள்வி: இதில் பெண்களின் வீரம் என்று எதைச் சொல்வீர்கள்? முடிவெடுத்தவர்கள் ஆண்கள்தானே?

முடிவை அறிவித்தவர்கள் ஆண்கள்; அதைத் தம் வீட்டுக்குள் சுமந்தவர்களில் பெண்கள் பலர். அவரவர் வீட்டுச் சாவை அவரவரே புதைக்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. ரைலி பண்ணையின் எலிசபெத் ஹான்காக், 1666 ஆகஸ்டில் எட்டே நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்து, தாமே குழி வெட்டி, உடல்களின் காலில் துணி கட்டி வயலுக்கு இழுத்துச் சென்று புதைத்தார் என்று ஊரார் சொல்லிவந்திருக்கிறார்கள். அங்கே கல்வட்டத்துக்குள் அந்த ஏழு பேரின் நினைவுக்கற்கள் இன்றும் உள்ளன. புதின ஆசிரியர்கள் இத்தகையவரைக் கண்ணீரே சிந்தாத இரும்புப் பெண்ணாக்கிவிடுவது எனக்கு உவப்பில்லை. நடுங்கிக்கொண்டே மண்வெட்டியைப் பிடித்தவர் என்றால்தான் நம்ப முடிகிறது.

கேள்வி: போதகர் மாம்ப்பெசனின் மனைவி கேத்தரின் கணவருக்குக் கட்டுப்பட்டுத்தானே தங்கினார்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. குடும்பத்தோடு வெளியேறிவிடலாம் என்று முதலில் மன்றாடியவர் அவர்தான் என்கிறது மரபுச் செய்தி. கணவர் மறுத்தபின், குழந்தைகளோடு தாமும் போயிருக்கலாம். அவர்களை மட்டும் அனுப்பிவிட்டுத் தங்கி, நோயாளிகளைக் கவனித்தார். 1666 ஆகஸ்ட் 25 அன்று, 27 வயதில் இறந்தார். போக ஆசைப்பட்டவர் தங்கினார் என்பதில்தான் கதைக்கான உயிர் இருக்கிறது.

கேள்வி: மூலிகை மருத்துவச்சியைச் சூனியக்காரி என்று கும்பல் கொல்லும் காட்சி வரலாற்றில் உண்டா?

ஈமில் அப்படி நடந்ததாகப் பதிவு இல்லை. சூனியத்துக்கு எதிரான 1604ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்ததால் அந்தப் பழிக்கு இடமுண்டு. ஆனால் மருத்துவம் தெரிந்த பெண் என்றாலே இப்படித்தான் சாக வேண்டும் என்பது புதினங்களில் சலித்துப்போன வழக்கமாகிவிட்டது.

கேள்வி: எம்மட் சிடால், ரோலண்ட் டோர் காதல் கதையை எழுதுகிறேன். தடைக்கோடு பிரித்த காதல் என்று காட்டலாமா?

ஆண்டுக்கணக்கைப் பாருங்கள். ஈம் பெண்ணான எம்மட் 1666 ஏப்ரல் இறுதியிலேயே இறந்துவிட்டார். ஊர் அடைக்கப்பட்டது ஜூனில். ஆகவே பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனைச் சேர்ந்த ரோலண்டைப் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கமே நிறுத்தி, பிறகு வரவே வேண்டாம் என்று எம்மட் சொன்ன மரபுக்கதையை ஏற்றுக்கொண்டால், அதைப் போதகரின் ஆணையாகக் காட்ட முடியாது. யாரும் விதிக்கும் முன்பே ஓர் இளம்பெண் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தடை அது. கதையை அங்கிருந்து தொடங்குங்கள்.