ஊருணி தூர்வார வெளிநாட்டு நிதி: வேறொரு நிறுவனத்தின் கணக்கு வழியாக வாங்கலாமா?

தொண்டியில் உங்கள் ஊர்ச் சங்கம் ஊருணி தூர்வார ஜெர்மனி அறக்கட்டளை ஒன்று பணம் தருகிறது, அதை மதுரைத் தொண்டு நிறுவனம் ஒன்றின் கணக்கு வழியாக வாங்கப் பார்த்தால் அவர்களுடைய ஆடிட்டர் கைவிரித்துவிட்டார் என்கிறீர்கள். அப்படி வாங்க முடியாது. ஜெர்மனி அறக்கட்டளையின் பணத்தை மதுரைத் தொண்டு நிறுவனம் தன் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்கில் வாங்கி, உங்கள் சங்கத்துக்கு மாற்றிவிடுவது 2020 சட்டத் திருத்தத்தோடு நின்றுபோனது. எஃப்சிஆர்ஏ பதிவு பெற்ற இரண்டு நிறுவனங்களுக்குள்ளேகூட மாற்றக் கூடாது. மதுரை ஆடிட்டர் கைவிரித்தது பெரும்பாலும் இதனால்தான்.

மதுரைக்காரர்களே வேலையை எடுத்து நடத்தலாம். பொக்லைன் வாடகை, டிராக்டர் நடை, கூலி எல்லா பில்லும் அவர்கள் பெயரில், அவர்கள் கணக்கிலிருந்தே போக வேண்டும். உங்களுக்கு மேற்பார்வை மட்டும். சங்கத்தின் பெயரில் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் முன் அனுமதி கேட்கவும் வழி உண்டு. கொடுப்பவரின் உறுதிக் கடிதம், திட்ட அறிக்கை, டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். ஐப்பசி மழைக்குள் அது ஆகிற காரியமில்லை.

முதலில் எஃப்சிஆர்ஏ இணையதளத்தில் மதுரை நிறுவனத்தின் பதிவு காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

ஊருணி புறம்போக்கு என்றால் ஊராட்சித் தீர்மானமும் தேவை.

பணம் மிஞ்சுகிறதென்று ஆழத்தைக் கூட்டாதீர்கள். ஊருணியின் அடியில் உள்ள களிமண்ணைப் பொக்லைன் வாளி கிழித்தால் நல்ல தண்ணீர் இறங்கிவிடும், கீழிருந்து உவர் ஏறும். மண்வெட்டியால் நாலைந்து இடத்தில் சிறு குழி வெட்டி, வண்டல் முடிந்து கெட்டிக் களி தட்டும் ஆழத்தைக் குறியுங்கள். பொக்லைன் அதற்கு மேலேயே நிற்கட்டும்.