பசு நின்ற இடம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில், 'கூடத்துக்கு அப்பால் பசு சுகமாக அசைபோடுகிறது' என்று ஒரு வரியைத் தமிழில் தந்திருந்தீர்கள். மூலத்தில் அந்த இடத்தில் 'ஹல்லன்' என்று இருக்கிறது. அவர் எழுதிய ஸ்காட்ஸ் மொழியின் அகராதியில் பார்த்தால் அதற்குத் தடுப்பு என்று பொருள். கூடம் எங்கிருந்து வந்தது? சரி, தடுப்பு என்றே வைத்துக்கொள்ளலாம் என்றால் 'டிரெவிஸ்' என்ற சொல்லுக்கும் தடுப்பு என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஒரே பொருளுக்கு எதற்கு இத்தனை சொற்கள்? சில பழைய ஸ்காட்ஸ் கவிதைகளை மொழிபெயர்த்துப் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் 'தடுப்பு' என்று போட்டுவிடலாமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

கூடம் என் தலையிலிருந்து வந்தது. ஹல்லன் என்று படித்ததும் காதில் 'ஹால்' என்று விழுந்தது, அகராதியைத் திறக்காமலே எழுதிவிட்டேன். ஸ்காட்ஸ் மொழியின் இரண்டு பேரகராதிகள், பன்னிரண்டும் பத்துமாக இருபத்திரண்டு தொகுதிகள், 2004 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் பார்க்கவில்லை என்றால் அது சோம்பல்தான். சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

ஆனால் 'தடுப்பு' என்பதோடும் நிறுத்திவிட முடியாது. அந்தக் காலத்து ஸ்காட்லாந்துக் குடியானவர் வீட்டுக்குள் ஒருமுறை போய்வந்தால்தான் இந்தச் சொற்கள் பிடிபடும்.

நீளமான, தாழ்ந்த, கூரை வேய்ந்த ஒரே கட்டடம். வாசல் நீளவாக்குச் சுவரின் நடுப்பக்கம். ஒரு முனையில் மனிதர்கள், மறுமுனையில் மாடுகள், எல்லோருக்கும் ஒரே கூரை. அடுப்பு பெரும்பாலும் தரையிலேயே எரியும், புகை கூரையில் விட்ட ஓட்டை வழியாகப் போகவேண்டும். இப்போது கதவைத் திறந்தால் என்ன ஆகும்? காற்று நேராக அடுப்பில் அடிக்கும். புகை வீடெங்கும் சுழலும், இருக்கிற சூடும் போய்விடும். அதனால் கதவையொட்டி உள்பக்கமாக ஒரு குறுக்குச்சுவர் வைத்தார்கள். அதுதான் ஹல்லன். பல வீடுகளில் அது எதிர்ச்சுவர் வரைக்கும் போகாது, கூரையையும் தொடாது. காற்றை மடக்கித் திருப்பிவிட்டால் போதும், அதன் வேலை முடிந்தது. மாடுகள் மறுமுனையில் இருந்த வீடுகளில் அதே சுவர் இரண்டு குடித்தனத்துக்கும் எல்லையாகவும் நின்றது.

எதனால் கட்டினார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் கல், சில இடங்களில் பலகை. மரக்கழிகளை நட்டு, இடையில் வைக்கோலும் களிமண்ணும் பிசைந்த உருண்டைகளை அடைத்துப் பூசியதும் உண்டு. அந்த உருண்டைக்குப் பெயர் 'கேட்'. ஆமாம், பூனைக்கான அதே எழுத்துகள். 'கேட் அண்ட் கிளே' சுவர் என்று எங்காவது வந்தால் பூனையை உள்ளே இழுத்துவிடாதீர்கள். கூடத்தை இழுத்துவந்தவன் சொல்கிறேன்.

இனி உங்கள் வரிக்கு வருவோம். 1786இல் வந்த பர்ன்ஸின் முதல் தொகுப்பில் உள்ள 'தி காட்டர்ஸ் சாட்டர்டே நைட்' கவிதையில் அது இருக்கிறது. சனிக்கிழமை இரவு குடும்பம் கஞ்சி குடிக்க உட்கார்கிறது. பாலைக் கொடுத்த ஒரே பசு ஹல்லனுக்கு அந்தப்பக்கம் அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. நான் கூடம் என்று எழுதியதும் பசு எங்கோ தொலைவில் தனித் தொழுவத்துக்குப் போய்விட்டது. உண்மையில் அது கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்கிறது. அது மெல்லும் சத்தம் கஞ்சி குடிப்பவர்களுக்குக் கேட்கும். பர்ன்ஸ் பிறந்த வீடே இந்த வகைதான். அவருடைய அப்பா 1757இல் ஆலோவேயில் தன் கையாலேயே கட்டினார், வீடும் தொழுவமும் ஒரே வரிசையில். 1759 ஜனவரியில் பர்ன்ஸ் பிறந்த சில நாட்களிலேயே புயலில் வீட்டின் கோடிச்சுவரில் ஒரு பகுதி சரிந்து, கைக்குழந்தையை அண்டைவீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது என்று அவர் தம்பி கில்பர்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். காற்றுக்காக ஒரு சுவரும், அந்தச் சுவருக்கென ஒரு சொல்லும் ஏன் தேவைப்பட்டன என்று இப்போது புரியும்.

இந்தச் சுவரிலிருந்து ஒரு வசைச்சொல்லும் பிறந்தது: 'ஹல்லன் ஷேக்கர்'. ஊர்சுற்றிப் பிச்சைக்காரன், கந்தலான ஆள் என்று பொருள். ஹல்லன் அருகே நின்று குளிரில் நடுங்குகிறவன் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அதைத் தாண்டி அவனுக்கு அனுமதி இல்லை. இதற்கு எதிர்ப்புறத்தில் 'பென்' என்ற சொல் இருக்கிறது. இரண்டு அறை வீட்டில் வெளி அறை 'பட்', உள் அறை 'பென்'. பட் என்பது ஆங்கிலத்தில் 'ஆனால்' என்று பொருள்படும் அதே சொல்தான், பழைய ஆங்கிலத்தில் 'வெளியே' என்று பொருள். 'கம் பென்' என்றால் உள்ளே வாங்க. ஒருவர் 'ஃபார் பென்' என்றால் ரொம்ப நெருக்கமானவர், வீட்டின் கடைசி வரை போகக்கூடியவர். ஒரு ஆளை எங்கே வைக்கவேண்டும் என்பதை வீட்டை வைத்தே அளந்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே பல வீடுகளில் சுவரே கிடையாது. கதவு வைத்த அலமாரி போன்ற பெட்டிக்கட்டில்களைக் குறுக்கே நிறுத்திவிடுவார்கள். படுக்கையும் ஆயிற்று, சுவரும் ஆயிற்று.

டிரெவிஸ் முற்றிலும் வேறு ஆள். அது லாயத்துச் சொல். குதிரைக்கும் குதிரைக்கும் நடுவே நிற்கும் பலகைத் தடுப்பு. தலைப்பக்கம் உயரமாக இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றின் தீனியில் இன்னொன்று வாய்வைக்கும், கடிக்கவும் செய்யும். வால்பக்கம் தாழ்ந்துவந்து ஒரு கனமான கம்பத்தில் முடியும். உழவுக்கு நின்ற கிளைட்ஸ்டேல் குதிரைகளில் பெரியது ஒரு டன் எடையை நெருங்கும். அது பின்னங்காலால் உதைத்தால் தாங்கவேண்டியது இந்தப் பலகைதான். ஹல்லன் இருக்கவேண்டிய இடத்தில் டிரெவிஸை வைத்தால் காற்று ஏறிக்குதித்து வரும். டிரெவிஸ் இருக்கவேண்டிய இடத்தில் களிமண் ஹல்லனை வைத்தால் ஒரே உதையில் பொடிப்பொடி.

டிரெவிஸ் என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் 'டிராவர்ஸ்' என்று வழங்கும் சொல்லின் உறவு. அடிப்பொருள் குறுக்கே கிடப்பது. லாயத்துத் தடுப்பைக் குறித்த சொல் அப்புறம் தடுப்புக்குள் இருக்கும் இடத்தையும், அதாவது குதிரை நிற்கும் கொட்டிலையும் குறித்தது. வடக்கே அது கடைக்குள்ளும் நுழைந்தது. கடைக்காரருக்கும் வாங்க வருபவருக்கும் நடுவே கிடக்கும் மேசைப்பலகையும் டிரெவிஸ்தான். வாடிக்கையாளரும் உதைப்பார் என்று நினைத்தார்களோ என்னவோ.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்டா'. ஆங்கில 'ஸ்டால்' தான் இது. ஸ்காட்ஸ் வாயில் இப்படிக் கடைசி 'ல்' கரைந்துவிடும். ஆங்கில 'ஹால்' ஹா ஆகும், சுவரைக் குறிக்கும் 'வால்' வா ஆகும். பெயர்ச்சொல்லாக வந்தால் கொட்டில். வினைச்சொல்லாக வந்தால் திகட்டுதல், இனி ஒரு வாய்கூட இறங்காது என்று மேற்கொண்டு நகராமல் நின்றுவிடுதல். ஆட்டின் உள்ளுறுப்புகளால் செய்யும் ஸ்காட்லாந்துப் பண்டமான ஹகிஸைப் புகழும் கவிதையில் பர்ன்ஸ் பிரெஞ்சுச் சமையலை நக்கலடிக்கும்போது, பன்றிக்கே திகட்டிப்போகும் பண்டம் என்று ஒன்றைச் சொல்கிறார். அங்கே வருவது இந்த ஸ்டாதான். அகராதியின் முதல் பொருளை நம்பி அங்கே கொட்டில் என்று எழுதினால் பன்றியைக் கட்டிப்போட்டுவிடுவீர்கள்.

எனவே எல்லாவற்றுக்கும் தடுப்பு வேண்டாம். எனக்கென்னவோ தடுப்பு என்றதும் கண்முன் வருவது சாலையில் உருட்டிவிடும் போலீஸ் தடுப்புதான். 'தட்டி' நல்ல சொல், ஆனால் மூங்கிலும் ஓலையும் நினைவுக்கு வந்துவிடும்; ஹல்லன் அவ்வளவு லேசான சமாச்சாரம் இல்லை. ஹல்லனுக்குக் குறுக்குச்சுவர், டிரெவிஸுக்கு லாயப்பலகை, கடையில் வந்தால் கல்லாமேசை என்று இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஹல்லன் ஷேக்கருக்கு 'வாசற்படிப் பிச்சைக்காரன்' என்று போட்டுப் பார்த்தேன், நடுக்கம் விட்டுப்போகிறது. உங்களுக்கு நல்லதாக ஏதாவது அகப்பட்டால் எழுதுங்கள்.

என் கட்டுரையில் அந்த வரியை 'குறுக்குச்சுவருக்கு அந்தப்பக்கம் பசு சுகமாக அசைபோடுகிறது' என்று நேற்றிரவே மாற்றிவிட்டேன்.

அன்புடன்.