கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் முட்டம் பக்கம் வீடு, 2017-ல் வாங்கிய கம்ப்யூட்டர் காலையில் திரை வருவதில்லை. சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது: இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஐஸ் கம்பெனி கணக்கை வீட்டிலிருந்து டாலியில் எழுதுகிறார். காலையில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை வராது. மதியத்துக்கு மேல் வந்துவிடும். வந்தாலும் ஆமை வேகம். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் இல்லை என்று வேறு திரையில் வருகிறது. மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகப்போகிறாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு புது லேப்டாப் வாங்கிவிடலாமா என்கிறார்.

இதில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. கடையில் போய் நின்றால் மூன்றையும் சேர்த்து "சிஸ்டம் பழசாயிட்டு சார், புதுசு எடுத்திருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன். குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடலோரத்திலிருந்தும் வரும், குலசேகரம், திருவட்டாறு என்று மலைப்பக்கத்திலிருந்தும் வரும். ஒரே மாடலாக இருந்தாலும் மூடியைத் திறந்தால் எந்தப் பக்கத்து மிஷின் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால் யார் கொண்டுவந்தாலும், எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே, இது வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுவிடுவேன். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். கடலைப் பார்த்த ஜன்னலோரத்திலா? தரையிலா?

காலையில் வராமல் மதியம் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது பெரிய துப்பு. கடல் காற்றில் வரும் நுண்ணிய உப்பு, கேபினட் ஃபேன் வழியாக உள்ளே போய் தூசியோடு சேர்ந்து மதர்போர்டு மேல் படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் கடற்கரையில் ராத்திரியானால் அந்த அளவைத் தாண்டுவது சகஜம். ஆக, விடியும்போது போர்டு மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கிறது. ரேம் செருகும் இடத்தில் அது கனெக்‌ஷனைக் கெடுக்கிறது, சில இடங்களில் இருக்கக்கூடாத கனெக்‌ஷனையும் உண்டாக்குகிறது. வெயில் ஏறி அறை காய்ந்ததும் மிஷின் சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் செம்பும் வெள்ளியும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அரிபட்டுக்கொண்டுதான் இருக்கும். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. வருடத்தில் பாதி, காயவே நேரம் கிடைக்காது.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் போர்டு தப்பித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், மிச்ச கரண்ட் இறங்கிவிடும். ரேமை இரண்டு பக்கமும் உள்ள கிளிப்பைத் தள்ளி எடுங்கள். ஸ்கூல் ரப்பர் வைத்துத் தேய்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம், வேலையும் செய்யும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. திரும்பத் திரும்ப ரப்பர் போட்டால் பூச்சு போய் செம்பு வெளியே வரும், அப்புறம் உப்புக்குக் கொண்டாட்டம்தான். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு இழை ஒட்டாத துணியில் நனைத்துத் துடைப்பதே நல்லது. ஸ்லாட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். வாயால் மட்டும் ஊதாதீர்கள், வாயிலிருந்து போவதும் ஈரம்தான். போர்டில் பச்சை பூத்திருந்தால் நீங்களே சுரண்ட வேண்டாம், சர்வீஸ் ஆளிடம் கொடுத்து முழு போர்டையும் கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் இல்லாதபோதும் தேதி நேரத்தை நினைவில் வைக்கும் பயாஸ் பேட்டரியையும் கூடவே மாற்றிவிடுங்கள். சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி, 3 வோல்ட், விலை ஒன்றும் பெரிதில்லை. இது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறினால் பிரவுசர் எந்தப் பாதுகாப்பான தளத்தையும் திறக்காது. நெட் போய்விட்டது என்று கேபிள்காரரைத் திட்டும் வீடுகளில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கிறது.

சுத்தம் செய்து அதே ஜன்னலோரத்தில் வைத்தால் அடுத்த ஆடிச் சாரலில் மறுபடியும் இதே கதை. தரையிலிருந்து ஏற்றி, கடல் காற்று நேரே படாத உள்சுவர் ஓரமாக வையுங்கள். தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள், அந்தச் சூடே ஈரத்தைத் துரத்தும். நம் மாவட்டத்தில் கல்ஃபில் இருப்பவர்களின் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அந்த வீட்டு மிஷின்கள்தான் ரொம்ப மோசமாக வரும், எறும்புக் கூடு, பல்லி முட்டை உட்பட. அப்படிப் பூட்டிப் போகிறவர்கள் லேப்டாப்பை, சார்ஜ் பாதியளவில் இருக்கும்படி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துப் போகலாம்.

அடுத்தது வேகம். இது ஹார்ட் டிஸ்க்கின் கோளாறு என்று மிஷினைப் பார்க்காமலே ஓரளவு சொல்லலாம். ஏழாம் தலைமுறை ஐ5, டாலிக்கும் பிரவுசருக்கும் இன்றைக்கும் தாராளம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சுற்றும் தட்டில் ஊசி இடம் தேடிப் போக ஒவ்வொரு முறையும் பத்து மில்லி செகண்ட் அளவுக்கு ஆகிறது. சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அது பத்தில் ஒரு மில்லி செகண்டுக்கும் கீழே. விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடக்கும், அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். ஒரு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (பழைய டிஸ்க்கின் வயரே இதற்கும் பொருந்தும்) போட்டு, பழையதில் நிரம்பியிருப்பது அதில் அடங்குமானால் அப்படியே குளோன், அதாவது அச்சு அசல் நகல், செய்தால், மகள் வேறு கம்ப்யூட்டர் என்றே நினைப்பாள்.

குளோன் செய்வதற்கு முன்பு ஒரு காரியம், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். டிஸ்க்கின் பழுதான இடங்களைச் சொல்லும் ரீஅலோகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளில், ரா வேல்யூ என்ற கட்டத்தில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால், முதலில் டாலி டேட்டாவையும் போட்டோக்களையும் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். திருமண போட்டோ, இறந்துபோன அப்பாவின் வீடியோ என்று ஒரே டிஸ்க்கில் வைத்திருந்து, அது போன பிறகு வந்து நிற்கிறவர்களைப் பார்ப்பது இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கஷ்டமான விஷயம். அவர்களுக்கு என்னால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடிவதில்லை.

ரேம் கூட்ட வேண்டாம், இப்போதைக்கு 8 ஜிபி போதும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்குத் தேவையான மெமரி பக்கம் கம்பெனிகள் திரும்பிவிட்டன. நம் ஊர்க் கடைகளிலும் பழக்கப்பட்ட குரூஷியல் பிராண்டில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அதைத் தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டி விலையும் இந்த இழுப்பில் ஏறுகிறது என்பதால், போர்டு தப்பித்தது தெரிந்ததும் அதை மட்டும் தாமதிக்காமல் வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் 2 டிபி எஸ்எஸ்டிகளைத் தொடவே வேண்டாம். உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும், அளவை மட்டும் பொய்யாகக் காட்டும்.

விண்டோஸ் 10 விஷயத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. ஆனால் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் ஏற்பாடு இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான பதிவு இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாக வேண்டும். செட்டிங்ஸை கிளவுடில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு இல்லை, வேண்டாமென்றால் 30 டாலர். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். இதை இன்றைக்கே செய்துவிடலாம்.

விண்டோஸ் 11 உங்களுக்கு முறைப்படி கிடைக்காது. இன்டெல்லில் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். குறுக்கு வழியில் ஏற்ற முடியும், ஓடவும் செய்யும். ஆனால் ஏற்காத மிஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, வருடாந்திரப் பெரிய அப்டேட்டை நாமே கையால் போட வேண்டிவரும். கம்பெனிக் கணக்கு வைத்திருக்கிற மிஷினில் நான் அதைச் செய்ய மாட்டேன். லினக்ஸ் மின்ட் இந்த மிஷினில் அருமையாக ஓடும், தமிழ் 99 விசைப்பலகையும் வரும். ஆனால் டாலி விண்டோஸுக்கானது, அதனால் உங்களுக்கு நான் அதைச் சொல்லவில்லை. நெட், படம், கடிதம் என்று மட்டும் பயன்படுத்துகிற மற்றவர்கள் தாராளமாக மாறலாம். (எட்டாம் தலைமுறை வைத்திருந்தும் "ஏற்காது" என்று வந்தால் பயாஸ் என்கிற தொடக்க அமைப்புத் திரையில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்து கிடக்கும். இன்டெல்லில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும், ஆன் செய்து பாருங்கள்.)

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் பக்கத்தில் அதிகப் பணம் சாம்பலாகிறது. கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அப்படியானால் எர்த்து இல்லை. எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைப் பெட்டிக்குள் இருக்கும் ஃபில்டர் கசியவிடும் கொஞ்ச கரண்ட் எர்த்து வழியாகப் போக வேண்டும். வழி இல்லையென்றால் கேபினட்டே சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கடலோர மணல் மேலே காய்ந்துவிட்டால் எர்த்துக் கம்பி பெயருக்குத்தான் நிற்கும். கோடையில் ஒருமுறை வயர்மேனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த்து இல்லாத இடத்தில், கரண்ட் திடீரென்று எகிறுவதைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு பாதி வேலைதான் செய்யும்.

தென்னை மட்டை லைனில் விழுவது நமக்குப் புதிதல்ல. ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம், கம்பங்களே சாய்ந்து ஊர் ஊராக இருட்டில் கிடந்தது. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம், ஒரு மட்டை நியூட்ரல் கம்பியை அறுத்தாலே போதும், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் பக்கம்கூட வந்துவிடும். லைட் திடீரென்று பளீரென எரிந்தால் யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். இடி மின்னல் நேரத்தில் பவர் பிளக்கோடு நெட் வயரையும் பிடுங்குங்கள். போர்டில் நெட் போர்ட் மட்டும் எரிந்து வருகிற மிஷின்கள், பிளக்கைப் பிடுங்கி நெட் வயரை விட்டவர்களுடையவை. 600 விஏ யுபிஎஸ் ஒன்று வைத்தால் கணக்கை சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். அதன் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆக, இந்த டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம், எஸ்எஸ்டி, பேட்டரி, எர்த்து எல்லாம் சேர்த்தாலும் புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும். போர்டு கழுவிய பிறகும் காலையில் எழும்பவில்லை என்றால் மட்டும் என் பேச்சை விட்டுவிட்டுப் புதிது பாருங்கள். ஏழாம் தலைமுறைக்குப் பழைய போர்டு தேடி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மகளுக்கு லேப்டாப் வேண்டும்தான், அதில் சந்தேகமில்லை. அவள் விடுதிக்குப் போகும்போது கணக்கு மிஷினும் கூடவே போக முடியாது என்பதால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். ஆனால் சேர்க்கைக்கு முன்பே வாங்காதீர்கள். பி.காம். சேர்வதற்கும் இன்ஜினியரிங் சேர்வதற்கும் தேவை வேறு. கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தரும் திட்டத்தை 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்திருந்தார்கள். சேர்கிற கல்லூரியில் அதை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். வாங்குவதாக இருந்தால் ரேம் பின்னால் கூட்டும்படி காலி ஸ்லாட் உள்ளதாகவும், வீட்டுக்கே வந்து பார்க்கிற வாரன்டி உள்ளதாகவும் கேளுங்கள். கீபோர்டில் ஒரு சொட்டு விழுந்ததற்காக நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்தவர்கள் அந்த வாரன்டியின் அருமையைச் சொல்வார்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும் திரையையும், மூடியைத் திறந்து ரேம் ஸ்லாட் பக்கம் எடுத்த ஒரு படத்தையும் கீழே போடுங்கள். போர்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு எஸ்எஸ்டி வாங்கலாம்.