நரம்பு பாதித்த சிறுநீர்ப்பையும் கேன்சர் பயமும்: கேள்வி பதில்

கே: முதுகுத்தண்டுல அடிபட்டு 14 வருஷமா கத்தீட்டரோட இருக்கேன். யூரின் பையில அப்பப்போ ரத்தம் தெரியுது. குழாய் உரசுறதுதான்னு எல்லாரும் சொல்றாங்க. விட்டுடலாமா சார்?

விடாதீங்க. குழாய் உரசினாலும் ரத்தம் வரும், இன்ஃபெக்‌ஷன் என்றாலும் வரும். சிக்கலே அதுதான். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிவிடுவார்கள். உள்ளே கட்டி இருந்தால் அது பாட்டுக்கு வளரும். உங்களுக்கு அடிவயிற்றில் வலியும் சரியாகத் தெரியாது. அதனால்தான் பலருக்குக் கேன்சர் சிறுநீர்ப்பையின் தசை வரை பரவிய பிறகே தெரியவருகிறது.

இன்ஃபெக்‌ஷனுக்கு மருந்து முடித்தும் ரத்தம் நிற்கவில்லை, அல்லது திரும்ப வருகிறது என்றால் சிஸ்டோஸ்கோப்பியும் (சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) ஸ்கேனும் கேட்டு வாங்குங்கள். யூரினில் செல் டெஸ்ட் மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். வருஷக்கணக்கில் புண்பட்ட சிறுநீர்ப்பையில் நல்ல செல்லே கோணல்மாணலாகத் தெரியும். சந்தேகமான இடத்தில் சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

இன்னொன்று. உங்கள் காயம் மார்புப் பகுதி 6-ஆம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ என்றால், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கேமராவோடு தண்ணீர் விட்டுச் சிறுநீர்ப்பையை விரிக்கும்போது பிபி குபுக்கென்று ஏறலாம். தலை பிளக்கும், முகம் சிவந்து வியர்க்கும். பிபி பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், ஏறினால் உடனே தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

கே: அப்போ குழாய் வச்சாலே கேன்சரா?

இல்லவே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். 10 வருஷத்துக்கு மேல் நிரந்தரக் குழாய், ஓயாத இன்ஃபெக்‌ஷன், சிறுநீர்ப்பைக் கல் இவை சேரும்போது கூடும். பொதுவாக அரிதான ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) வகைக் கேன்சர் இவர்களிடம் அதிகம் தெரிகிறது, அதுவும் மற்றவர்களைவிடக் குறைந்த வயதிலேயே.

கே: அம்மாவுக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்பைப் பாதிக்கிற நோய்), நிரந்தரக் குழாய் இருக்கு. வருஷம் ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்கணுமா?

இதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2021 வழிகாட்டுதல், குழாய் இருக்கிறது என்பதற்காக மட்டும் வழக்கமாகக் கேமரா விட வேண்டாம் என்கிறது. ரத்தமோ அடிக்கடி இன்ஃபெக்‌ஷனோ இருந்தால் கட்டாயம் பார்க்கச் சொல்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் வீட்டில் கண் வைத்திருங்கள்: குழாய் வழக்கத்தைவிட அடிக்கடி அடைக்கிறதா, ஓரமாகக் கசிகிறதா, காரணமில்லாமல் கால் இறுக்கம் கூடுகிறதா? பெரும்பாலும் கல்லோ இன்ஃபெக்‌ஷனோதான் இருக்கும். ஆனாலும் காட்டிவிடுங்கள்.

கே: அடிவயிறு வழியா குழாய் மாத்திட்டா ஆபத்து போயிடுமா?

சிறுநீர்த் தாரை (சிறுநீர் வெளியே வரும் பாதை) பிழைக்கும். சிறுநீர்ப்பைக்குள் குழாய் இருக்கத்தானே செய்கிறது? கைகள் நன்றாக இயங்குகிறவர்களுக்கு, 1972-இல் அமெரிக்க யூராலஜி டாக்டர் லாபிடஸ் பரவலாக்கிய முறைதான் நல்லது: சுத்தமான குழாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டு, வடித்து, எடுத்துவிடுவது. கை வராதவர்களை இதற்காக வற்புறுத்த வேண்டாம்.

கே: காய்ச்சல் எதுவும் இல்ல, ஆனா யூரின் கல்ச்சர் டெஸ்ட்ல கிருமின்னு வருது. மாத்திரை போடணுமா?

நிரந்தரக் குழாய் இருந்தால் கிருமி வரத்தான் செய்யும். தொந்தரவு இல்லையென்றால் பொதுவாக மாத்திரை வேண்டாம். ரத்தம் வந்தால் அது தொந்தரவுக் கணக்கில் சேரும்.

கே: சிகரெட்?

இன்றைக்கே விடுங்கள்.