சுவரிலிருந்து இறக்கும் முன்

வணக்கம். தாத்தா சேர்த்த ஓவியங்களை ஓவியர் பெயர்வாரியாகப் பட்டியலிட்டும் அவருடைய ரசனை பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பட்டியலைவிட, அவர் அவற்றை மாட்டியிருந்த முறையே அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஓவியச் சேகரிப்பாளர் ஆல்பர்ட் பார்ன்ஸ் இதற்கு நல்ல சான்று. ஆர்ஜிரால் என்னும் கிருமிநாசினி மருந்தை விற்றுப் பொருளீட்டிய அவர், பிரெஞ்சு ஓவியர்களான ரெனுவாரின் 181 ஓவியங்களையும் செசானின் 69 ஓவியங்களையும் சேர்த்து, காலவரிசையைப் பொருட்படுத்தாமல், பழைய இரும்புக் கீல்களுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே, கோடும் வண்ணமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்படி மாட்டிவைத்தார். புகழ்பெற்ற ஓவியனுக்கும் பெயர் தெரியாத கொல்லனுக்கும் ஒரே சுவரில் இடமளித்த அந்தத் துணிவையும், தமக்குப் பின் எதையும் இடம் மாற்றக் கூடாதென்று அறக்கட்டளை விதிகளில் எழுதிவைத்த பிடிவாதத்தையும் விலைச்சீட்டுகளிலிருந்து அறிந்துவிட முடியாது. (2012-இல் சேகரிப்பு புறநகரிலிருந்து நகருக்குள் புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டது, ஆயினும் சுவர்களின் அமைப்பு அப்படியே பேணப்பட்டது.)

ஆகவே எதையும் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் முழுமையாகப் படமெடுங்கள். எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது, விருந்தினர் பார்க்கும் கூடத்தில் எதை வைத்தார், தம் படுக்கையறைக்கு எதை ஒதுக்கிக்கொண்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதைவிட மூன்றாவதே உண்மையான ரசனைக்கு நெருக்கமானது. படச்சட்டங்களின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டுகளைத் தயவுசெய்து கிழிக்காதீர்கள். எதை எங்கே, எப்போது வாங்கினார் என்பதற்கான தடயம் அவற்றில் கிடைக்கக்கூடும்.