ராஜினாமாவா, ஆட்குறைப்பா? அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் பணம் இருக்கிறது

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 2021 பிப்ரவரியிலிருந்து வேலை பார்த்தேன். சம்பளம் 18,000 ரூபாய். அதில் பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000. ஆர்டர் குறைந்துவிட்டது என்று 2025 நவம்பர் 30 அன்று 42 பேரை நிறுத்திவிட்டார்கள். "ராஜினாமா எழுதிக் கொடுத்தால்தான் செட்டில்மென்ட், பிஎஃப்பும் சீக்கிரம் வரும்" என்கிறார் ஹெச்.ஆர். பாதிப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நான் இன்னும் கொடுக்கவில்லை. ஐந்து வருடம் முடியாததால் கிராஜுவிட்டி கிடையாது என்றும் சொல்கிறார்கள். பிஎஃப் பணத்துக்கு ஆன்லைனில் போட்டேன், ரிஜெக்ட் ஆகிவிட்டது. இ.எஸ்.ஐ.யில் வேலையில்லாதவர்களுக்கு மூன்று மாதம் பணம் தருவதாகக் கேள்விப்பட்டு அதற்கும் போட்டேன். இரண்டு வருடம் பூர்த்தியாகவில்லை என்று வருகிறது. பிஎஃப்பில் 1,28,000 ரூபாய் இருக்கிறது. பர்சனல் லோனுக்கு மாதம் 4,200 கட்ட வேண்டும். மனைவிக்கு ஏப்ரலில் பிரசவம். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகச் சரிசெய்யலாம், அதை மட்டும் போட்டுவிட்டு மீள்வது கடினம்.

ஏன் என்று கணக்காகவே பார்ப்போம். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 135 ரூபாய் பிடித்திருப்பார்கள். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். இது மாத்திரை, ஊசிக்கு மட்டும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வேலை போனால் கைகொடுக்கும் திட்டங்களும் இதற்குள்ளேயே இரண்டு உண்டு.

நீங்கள் கேள்விப்பட்ட மூன்று மாதப் பணம், 2018 ஜூலை 1-ல் சோதனை முறையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. அதை நீட்டித்து நீட்டித்துத்தான் நடத்தி வருகிறார்கள், ஆகவே விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தினச் சராசரிச் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள். வாழ்நாளில் ஒரு முறைதான். ஆரம்பத்தில் கால் பங்காக இருந்ததை, கொரோனா ஊரடங்கில் வேலை இழந்தவர்களுக்காக 2020-ல் பாதியாக்கினார்கள். சராசரியை எடுக்க, நான்கு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) நீங்கள் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுக்கிறார்கள். இரண்டு வருடமும் 18,000 என்றே வைத்துக்கொண்டால் 4,32,000-ஐ 730-ஆல் வகுக்க, ஒரு நாளைக்குச் சுமார் 592 ரூபாய். அதில் பாதி 296. தொண்ணூறு நாளுக்குச் சுமார் 26,600 ரூபாய்.

அதிகம் பேசப்படாதது இன்னொன்று. 2005 ஏப்ரல் 1 முதல் இருக்கும் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடப்பட்டாலோ, சட்டப்படி ஆட்குறைப்பு நடந்தாலோ, இரண்டு வருடம் பங்களிப்பு செலுத்தியவருக்கு முதல் 12 மாதம் சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். வேலை கிடைக்காமல் போனால் உங்கள் சம்பளத்துக்கு முதல் வருடத்திலேயே ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆனால் ஆட்குறைப்பு என்பதற்குத் தாளில் ஆதாரம் வேண்டும். முதல் திட்டமோ, தானாக வேலையை விட்டவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. இப்போது அந்த ராஜினாமா கடிதத்தை நினைத்துப் பாருங்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதினால் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். ஆட்குறைப்பு இழப்பீடும் போகும்.

அந்த இழப்பீடும் சின்னத் தொகை இல்லை. ஒவ்வொரு வருட சேவைக்கும் 15 நாள் சம்பளம். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதையும் ஒரு வருடமாகக் கணக்கிடுவார்கள். உங்களுக்கு 4 வருடம் 10 மாதம், ஆகவே ஐந்து பதினைந்து, 75 நாள் சம்பளம். முன்னறிவிப்பு தரவில்லை என்றால் அதற்கு ஒரு மாதச் சம்பளம் தனி. பழைய தொழில் தகராறு சட்டத்திலும், 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த 15 நாள் கணக்கு மாறவில்லை. செட்டில்மென்ட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமையும் கம்பெனிக்கு இல்லை. வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு. ராஜினாமா கொடுத்தால் பிஎஃப் சீக்கிரம் வரும் என்பதும் கதைதான்.

சில வருடங்களுக்கு முன் கோவையிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். பம்ப் கம்பெனி ஒன்றில் ஏழு வருட வேலை. "எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன் சார்" என்று ராஜினாமாவின் நகலை நீட்டினார். ஒரே நாளில் முப்பது பேர், வார்த்தை மாறாமல் ஒரே மாதிரிக் கடிதம், ஒரே பேனா மையில். கட்டாயப்படுத்தி வாங்கியது என்பது பார்த்தாலே தெரிந்தது. தெரிந்து என்ன, அதை நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழுந்தது. உங்கள் நண்பர்களில் கையெழுத்துப் போட்டவர்கள் "மிரட்டி வாங்கினார்கள், என் விருப்பத்தில் எழுதியதல்ல" என்று உடனே கம்பெனிக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதட்டும். நாள் ஆக ஆக அந்தக் கடிதத்துக்கு மதிப்புக் குறையும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதன் மறுபக்கம். "2025 நவம்பர் 30 அன்று ஆர்டர் இல்லை என்ற காரணத்தால் என்னை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள். ஆட்குறைப்பு உத்தரவும் நிலுவையும் தரவும்" என்று கம்பெனிக்கு ஒரு கடிதம், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசரோ ஹெச்.ஆரோ "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் இன்னொன்றையும் பாருங்கள். மாதாமாதம் இ.எஸ்.ஐ. கணக்குத் தாக்கல் செய்யும்போது, ஒருவருக்கு வேலை நாள் பூஜ்ஜியம் என்றால் கம்பெனி அதற்குக் காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். லீவு, வேலையை விட்டார், ஓய்வு, வேலை இல்லை, ஆட்குறைப்பு என்று ஒரு பட்டியல் வரும். டிசம்பர் மாதத்துக்கு உங்கள் பெயருக்கு எதிரே எதைத் தட்டினார்கள் என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி அலுவலகத்தில் சும்மா ஒரு கிளிக்கில் "வேலையை விட்டார்" என்று போட்டிருப்பார்கள். விண்ணப்பம் போகும்போது அதுதான் உங்களுக்கு எதிராகப் பேசும்.

சரி, இரண்டு வருடம் பூர்த்தியாகவில்லை என்று ஏன் வந்தது? உங்கள் கடிதத்தோடு வைத்திருந்த பே ஸ்லிப்புகளைப் பார்த்தேன். 2024 ஜூன் வரை ஒரு இ.எஸ்.ஐ. இன்சூரன்ஸ் நம்பர், ஜூலையிலிருந்து வேறொன்று. இரண்டாவது யூனிட்டுக்கு மாற்றியபோது பழைய எண்ணைத் தேடச் சோம்பல்பட்டு யாரோ புதிதாக ஒன்று போட்டுவிட்டார்கள். புதிய எண்ணில் 17 மாதம்தான் இருக்கிறது, பாக்கி மூன்றரை வருடம் பழைய எண்ணில் தூங்குகிறது. கம்ப்யூட்டர் தன்னிடம் இருப்பதை வைத்துச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. யூனிட்டோ கான்டிராக்டரோ மாறுகிற இடங்களில் இது அடிக்கடி நடக்கும் கூத்து.

இரண்டு எண்ணும் என்னுடையவைதான், ஒன்றாக இணைத்துத் தரவும் என்று கிளை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஆதார், இரண்டு எண்களும் தெரியும் பே ஸ்லிப்புகள், மாற்றல் உத்தரவு இருந்தால் அது, எல்லாம் சேர்த்து. மனு கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகல் வாங்காமல் வராதீர்கள். இணைத்த பிறகு 78 நாள் கணக்கைப் பாருங்கள்: வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலமான 2025 ஏப்ரல்–செப்டம்பரில் குறைந்தது 78 நாளும், இரண்டு வருடத்துக்குள் மற்ற மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் பங்களிப்பு இருக்க வேண்டும். உங்களுக்கு இது தாராளமாக வரும், கம்பெனி ஒழுங்காகக் கட்டியிருந்தால். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் எண்ணில் நுழைந்தால் மாதவாரியாகத் தெரியும். பே ஸ்லிப்பில் பிடித்திருந்து அங்கே காணவில்லை என்றால் அதே பே ஸ்லிப்தான் புகாருக்கு ஆதாரம். வேலை போய் 30 நாள் கழிந்ததும் நிவாரணம் கேட்கலாம், கம்பெனி வழியாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆட்குறைப்பு உத்தரவு கைக்கு வரும் போலிருந்தால், 90 நாள் திட்டத்தில் போடும் முன் ராஜீவ் காந்தி திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் வாங்க முடியாது. நடுவில் வேறு வேலையில் சேர்ந்தால் சேர்ந்த தேதியை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். புதிய கம்பெனி உங்கள் எண்ணில் பணம் கட்டும்போது அது தானாகவே தெரிந்துவிடும்.

பிஎஃப் கிளைம் ரிஜெக்ட் ஆன சீட்டில் இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று நம் ஊருக்கே உரிய இனிஷியல் தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பிஎஃப்பில் ஒற்றை எழுத்து. மற்ற மாநிலத்தார் குடும்பப் பெயரோடு நிம்மதியாக இருக்கிறார்கள். நாம் அந்த ஒரு எழுத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆயுசு முழுக்க படிவம் நிரப்புகிறோம். நல்லவேளையாக உங்கள் யுஏஎன், அதாவது பிஎஃப்பின் நிரந்தர எண், 2021-ல் வாங்கியது. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு தரப்பட்டு ஆதாரோடு சரிபார்த்த எண் என்றால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நீங்களே போர்ட்டலில் திருத்தலாம், 2025 ஜனவரியிலிருந்து கம்பெனி ஒப்புதல் தேவையில்லை. எழுத்துக்கு எழுத்து ஆதாரில் உள்ளபடி போடுங்கள்.

இன்னொன்று வங்கிக் கணக்கு. வேலையில் சேரும்போது லட்சுமி விலாஸ் வங்கியின் பழைய பாஸ்புக் நகலைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வங்கி 2020 நவம்பரிலேயே டிபிஎஸ் வங்கியோடு இணைந்துவிட்டது, பழைய ஐஎஃப்எஸ்சி இப்போது செல்லாது. புதியதை நீங்களே ஆதார் ஓடிபி வைத்து மாற்றலாம். 2025 ஏப்ரலிலிருந்து இதற்கும் கம்பெனி ஒப்புதல் வேண்டாம், காசோலைப் படமும் ஏற்ற வேண்டாம். கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதியவில்லை என்றால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து அதையும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். தேதியையும் காரணத்தையும் பார்த்துப் போடுங்கள், போட்டபின் திருத்த அலையவேண்டி வரும். எதுவும் நகரவில்லை என்றால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி பிஎஃப் அலுவலகம் மாவட்டந்தோறும் நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாமுக்கு நேரில் போங்கள்.

எவ்வளவு எடுப்பது? பழைய விதிப்படி ஒரு மாத வேலையின்மைக்குப் பின் 75 சதவீதம், இரண்டு மாதத்தில் முழுவதும். 2025 அக்டோபர் 13-ல் பிஎஃப் அறங்காவலர் குழு எடுத்த முடிவில் 75 சதவீதம் உடனே, மீதி 25-க்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 96,000 ரூபாய் உங்கள் கைக்கு எட்டும். ஆனால் அத்தனையையும் எடுத்து பர்சனல் லோனை அடைக்கும் யோசனை இருந்தால் வேண்டாம். மற்ற நேரமாக இருந்தால் அதைத்தான் நானே சொல்லியிருப்பேன், லோன் வட்டி பிஎஃப் வட்டியைவிட அதிகம். இப்போது உங்களுக்குத் தேவை கையில் பணம். முதலில் 50,000 மட்டும் எடுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே லோன் கொடுத்தவர்களிடம் பேசி, தவணையைக் குறைத்து காலத்தை நீட்டக் கேளுங்கள். தவறியபின் கேட்டால் மரியாதை வேறு மாதிரி இருக்கும். பிரவுசிங் சென்டரில் போட்டுத் தரச் சொன்னால் பக்கத்திலேயே உட்காருங்கள். பழக்கதோஷத்தில் பிஎஃப்பை முழுதாக எடுக்கும் படிவம் 19-ஓடு, பென்ஷன் பணத்தை எடுக்கும் 10சி-யையும் சேர்த்துத் தட்டிவிடுவார்கள். 10சி போனால் உங்கள் பென்ஷன் சேவை நான்கே முக்கால் வருடமும் கரைந்துவிடும். பத்து வருடம் சேர்ந்தால்தான் பென்ஷன், அடுத்த வேலையில் அது தொடரட்டும்.

கிராஜுவிட்டி விஷயத்தில் கம்பெனி சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு வருடமாகும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு ஐந்தாவது வருடத்தில் பத்து மாதம் ஆகிவிட்டது. யூனிட் மாற்றியதால் சேவை அறுந்துவிடாது, முதலாளி ஒருவர்தான். 12,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு 34,615 ரூபாய். எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டி வழக்குகளைப் பார்க்கும் அதிகாரியிடம் மனுப் போடலாம்.

கடைசியாக, நீங்கள் அதிகம் கவலைப்படும் பிரசவம். 2025 ஏப்ரல்–செப்டம்பரில் கட்டிய பங்களிப்புக்கு உரிய பயன் காலம் 2026 ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. வேலை போனாலும் அதுவரை உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. ஏப்ரல் பிரசவம் அதற்குள் வந்துவிடுகிறது. மனைவியின் பெயர் எந்த இன்சூரன்ஸ் எண்ணில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், பழைய எண்ணில் மட்டும் இருக்க வாய்ப்புண்டு. எண்களை இணைக்க மனுக் கொடுக்கும் அன்றே அதையும் கேட்டுச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.