விருபாட்ச குகையும் கந்தாசிரமமும் ஒன்றா?

வணக்கம். இரண்டும் ஒன்றா, முழங்கால் வலியுள்ள அம்மாவை எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றல்ல, திருவண்ணாமலையில் உள்ள அண்ணாமலை மலையின் சரிவில் கந்தாசிரமம் சற்று மேலே, குகை கீழே.

ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை குகையில் இருந்தார். விருபாட்ச தேவர் என்ற துறவியின் உடலே திருநீறாகிவிட்டது என்பது ஐதீகம். உள்ளே காவித்துணி போர்த்திய அந்தத் திருநீற்று மேட்டின் முன் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வெளிச்சம் குறைவு, வெக்கையாக இருக்கும், ஆனால் எழுந்து வர மனம் வராது. கோடையில் தண்ணீர் இருக்காது என்பதால் ரமணரே மாமரக் குகைக்குப் போய்விடுவார்.

கந்தாசிரமம் முருகன் பெயரால் வந்ததல்ல. முள்ளும் கல்லுமான இடத்தைத் திருத்திக் கட்டிய கந்தசாமி என்ற அடியார் பெயர் அது. பக்கத்திலேயே சுனை. ரமணரின் தாயார் அழகம்மாள் அங்கே அவருடன் வாழ்ந்து, 1922 மே 19 அன்று அங்கேயே மறைந்தார். மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

அதனால் அம்மாவுக்கு மலை ஏற முடியாவிட்டால் வருத்தப்படாதீர்கள். கீழே அந்தத் தாயின் சமாதிக் கோயிலில் உட்காரட்டும். ஏற முடிந்தால் ரமணாசிரமத்தின் பின்புறக் கல்பாதையில், விடிந்ததும் கிளம்புங்கள். கந்தாசிரமத்தோடு திரும்பிவிடுங்கள், அங்கிருந்து குகைக்கு இறங்கும் படிகள் செங்குத்து.